கொட்டைப்பழ மரங்களும் துறைமுக வாசலும்

இன்றைய சொற்பொழிவின் பொருள் கொட்டைப்பழ மரங்கள்: அவற்றின் சாகுபடி, அவற்றின் மரபியல், அவற்றைத் தாக்கும் நோய்கள், அந்த நோய்களை வெல்ல நடக்கும் ஆராய்ச்சி.

நடுவில் கல்போல் இறுகிய ஒற்றைக் கொட்டை, அதைச் சுற்றிச் சதை, அதன்மேல் தோல். இந்தக் கட்டமைப்பு உடையவை கொட்டைப்பழங்கள். பிளம்ஸ், பீச், ஆப்ரிகாட், செர்ரி, வாதுமை ஆகிய ஐந்தும் புரூனஸ் என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. ரோஜாச் செடியின் குடும்பத்தவை. மாமரம் வேறு குடும்பம், முந்திரியின் குடும்பம். ஆனாலும் மாம்பழத்தின் கட்டமைப்பு இதுவே. இலந்தையும் வேம்பும் இதே வகைக் கனிகளைத் தருகின்றன. கடலோரத் தெருக்களில் அகன்ற இலையோடு நிழல் தரும் நாட்டுவாதுமையும் அப்படியே.

வடசென்னையின் இராயபுரத்துக்கும் பீச் மரத்துக்கும் என்ன தொடர்பு? திருவொற்றியூருக்கும் பிளம்ஸ் மரத்துக்கும் என்ன உறவு? கோடையில் கல்மண்டபம் சந்தையிலும் தேரடித் தெருத் தள்ளுவண்டிகளிலும் கொடைக்கானல் பிளம்ஸ் குவிந்திருப்பது ஓர் உறவு. அதைவிடப் பெரிய உறவு ஒன்று உண்டு. இந்த மரங்களைக் கூட்டம் கூட்டமாக அழித்த நோய்களும் பூச்சிகளும் பெரும்பாலும் மனிதர் கையால் பயணம் செய்தவை. ஒட்டுக்குச்சியோடு போயின, நாற்றோடு போயின, சரக்குப் பெட்டியின் மரச்சட்டத்துக்குள் ஒளிந்து கடல் கடந்தன. கொட்டைப்பழ மரத்தின் காவல் தோட்டத்து வேலியில் தொடங்குவதில்லை. துறைமுக வாசலில் தொடங்குகிறது. இந்த ஒன்றை நிறுவுவதே இன்றைய நோக்கம்.

முதலில் மரத்தைப் பார்க்க வேண்டும். பீச் சீனத்தின் மரம். சீனத்தின் செஜியாங் பகுதியில் ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முந்தைய பீச் கொட்டைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. 7ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த யுவான் சுவாங், கனிஷ்கர் காலத்தில் பஞ்சாபில் தங்கவைக்கப்பட்ட சீனப் பிணையாளிகளே பீச்சையும் பேரியையும் இந்த மண்ணுக்குக் கொண்டுவந்ததாக எழுதிவைத்தார். தமிழ்நாட்டு மலைகளில் விளையும் பிளம்ஸும் பெரும்பாலும் சீனத்தில் பிறந்து ஜப்பான் வழியாக உலகம் சுற்றிய இனம். சென்னை மாகாண வேளாண் துறை 1920இல் குன்னூரில் பழ ஆராய்ச்சி நிலையம் ஒன்றைத் தொடங்கி, எந்த வெளிநாட்டு வகை நீலகிரிக் குளிருக்கு ஒத்துவரும் என்று நட்டுப் பார்த்தது. இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கொடைக்கானல் ஆராய்ச்சி நிலையம் அந்த வேலையைத் தொடர்கிறது. ரூபியோ, ஹேல், கவியோட்டா ஆகியவை மலை விவசாயிகள் அறிந்த பிளம்ஸ் வகைகள். ஃபுளோரிடாசன், ஷா பசந்த் ஆகியவை பீச் வகைகள்.

இந்த மரங்கள் ஏன் மலையை விட்டு இறங்குவதில்லை? எண்ணூரில் ஒரு பீச் கன்றை நட்டால் என்ன ஆகும்? இலை வரும், கிளை வரும், ஒழுங்காகப் பூ வராது. புரூனஸ் இனத்து மரங்கள் குளிர்காலத்தில் உறங்குபவை. இலையை உதிர்த்து, மொட்டை மூடிக்கொண்டு, போதுமான குளிரைப் பெற்ற பிறகே விழிப்பவை. அந்தக் குளிரை ஆராய்ச்சியாளர் மணிக்கணக்கில் அளக்கிறார்கள். வெப்பம் 7 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் கீழே இறங்கியிருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கில் சேரும். காஷ்மீரிலும் ஐரோப்பாவிலும் பயிராகும் பல வகைகளுக்கு அப்படி ஆயிரம் மணி நேரம் வரை தேவை. கொடைக்கானலில் அத்தனை குளிர் கிடைக்குமா? கிடைக்காது. பத்தாம் அட்சரேகையில், கடல்மட்டத்துக்கு 2,000 மீட்டருக்கும் மேலே இருக்கும் அந்த ஊரில் மார்கழியில் உறைபனி விழும். பகலில் வெயில் ஏறிவிடும்.

விடை எங்கிருந்து வந்தது? வெப்பமான ஃபுளோரிடாவிலிருந்து வந்தது. அங்குள்ள பல்கலைக்கழகம் 1950களில் தொடங்கி, சிறிது குளிரே போதுமான பீச் வகைகளைக் கலப்பினமாக உருவாக்கியது. ஃபுளோரிடாசன் அப்படிப் பிறந்தது. அது இந்தியாவுக்கு வந்ததும் பஞ்சாபின் சமவெளியிலேயே பீச் தோட்டங்கள் எழுந்தன. உத்தரப் பிரதேசத்தின் சகாரன்பூரில், நாட்டு வகையான சர்பதியோடு ஃபுளோரிடாசனைக் கலந்து சகாரன்பூர் பிரபாத் என்ற வகையை உருவாக்கினார்கள். தமிழ்நாட்டு மலைகளில் பீச் நிற்பதும் குறைந்த குளிரோடு நிறைவடையும் இந்த மரபால்தான்.

அந்த மரபு மரத்தின் எந்த இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது? இதற்கு விடை தந்தது ஊனமுற்ற ஒரு மரம். மெக்சிகோவில் உறங்கவே உறங்காத பீச் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. குளிர் வந்தாலும் அது தளிர்த்துக்கொண்டே இருக்கும். நுனி வளர்ச்சி நிற்காது. அதன் மரபுப்பொருளை ஆராய்ந்தவர்கள் 2008இல் காரணத்தை வெளியிட்டார்கள். ஒரே வரிசையில் அடுத்தடுத்து அமைந்த ஆறு மரபணுக்கள் மொட்டின் உறக்கத்தோடு தொடர்புடையவை. இந்த மரத்தில் அந்த வரிசையின் ஒரு பகுதி அறுந்துபோயிருந்தது. உறங்காத ஒரு மரம், உறங்கும் மரங்கள் எல்லாவற்றின் உறக்கத்தையும் விளக்கிவிட்டது. 2013இல் பீச்சின் முழு மரபணுத் தொகுதியும் வெளியானது. எட்டு இணைக் குரோமோசோம்கள் மட்டுமே கொண்ட சிறிய தொகுதி அது. அதனால்தான் பழமரங்களின் மரபியலைப் படிப்பவர்கள் பீச்சை முதல் பாடநூலாக வைத்திருக்கிறார்கள். குளிர்காலம் சுருங்கிவரும் இந்த நூற்றாண்டில், எந்த நாற்றுக்கு எத்தனை குளிர் தேவை என்பதை இலை விடும் பருவத்திலேயே சோதித்துச் சொல்ல வழி பிறந்திருப்பது சிறிய காரியம் அல்ல. மலை விவசாயி ஐந்தாண்டு காத்திருந்து ஏமாற வேண்டியதில்லை.

சரி, குளிர் கிடைத்துவிட்டது, மரம் பூத்துவிட்டது. பூத்த மரமெல்லாம் காய்க்குமா? பீச் காய்க்கும், தன் மகரந்தத்தையே ஏற்றுக் காய் பிடிக்கும். பிளம்ஸில் பெரும்பாலான வகைகள் அப்படிக் காய்க்காது. பூவின் சூல்தண்டு ஒரு நொதியைச் சுரக்கிறது. தன் வகையின் மகரந்தம் வந்து விழுந்தால், அதன் குழாய் கீழே இறங்கும் வழியிலேயே அந்த நொதி அதன் ஆர்.என்.ஏ.வைச் சிதைத்து வளர்ச்சியை நிறுத்திவிடும். அயல் வகையின் மகரந்தத்துக்கு அந்த நொதியை முறியடிக்கும் திறன் உண்டு. ஆகவே ஒரே வகையை ஏக்கர் ஏக்கராக நட்டவர் பூவைப் பார்ப்பார். பழத்தைப் பார்க்க மாட்டார். பஞ்சாபில் சட்லஜ் பர்ப்பிள் என்ற பிளம்ஸை நடுபவர்கள், மகரந்தம் தர காலா அமிர்தசரி மரங்களையும் இடையிடையே நடுவது இதனால்தான். மருந்து, உரம், தண்ணீர் எல்லாம் கொடுத்தும் காய் பிடிக்காத மரத்துக்கு நோய் என்று பெயர் வைத்து வெட்டிப்போட்ட தோட்டங்கள் உண்டு. அந்த மரத்துக்கு நோயே இல்லை, துணைதான் இல்லை. தோட்டக்கலை அலுவலர் ஒரே நாளில் சொல்லித் தந்துவிடக்கூடிய இந்தச் செய்தி தெரியாமல் ஒரு குடும்பத்தின் பல ஆண்டு உழைப்பு வீணாவது வேதனைக்குரியது.

இனி நோய்களுக்கு வர வேண்டும். பீச் இலைச்சுருட்டு நோய் முதலில் நிற்கிறது. இளந்தளிர் விரியும்போதே தடித்து, கொப்பளித்து, சிவந்து, சுருண்டு உதிர்ந்துவிடும். காரணம் டாஃப்ரினா என்னும் பூஞ்சை. மரம் இலையில்லாமல் உறங்கும் காலத்தில் அதன் வித்துகள் பட்டையிலும் மொட்டுச் செதில்களிலும் தங்கியிருக்கும். மொட்டு வீங்கும் நேரத்தில் மழையும் குளிரும் சேர்ந்தால் தளிருக்குள் புகுந்துவிடும். சுருண்ட இலையைக் கண்டபின் மருந்து தேடி ஓடுபவர்க்கு என்ன கிடைக்கும்? ஒன்றும் கிடைக்காது. அந்த ஆண்டுக்கான தாக்குதல் முடிந்துவிட்டது. மருந்தடிக்க வேண்டிய நேரம், இலை உதிர்ந்த பிறகு, மொட்டு வீங்குவதற்கு முன்பு.

அந்த மருந்து போர்டோ கலவை. பிரான்சில் மில்லார்தே 1885இல் திராட்சைக்காக உலகறியச் செய்த அதே கலவை. ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர்: இது ஒரு விழுக்காட்டுக் கலவை. இரும்புப் பாத்திரம் ஆகாது. பிளாஸ்டிக் வாளியில் தனித்தனியே கரைத்துக் கலக்க வேண்டும். கலவை சரிதானா என்று பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. துருவில்லாத பளபளப்பான இரும்புக் கத்தியைச் சற்று நேரம் முக்கி எடுத்தால் போதும். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் தாமிரம் மிஞ்சி நிற்கிறது என்று பொருள்; இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். ஒரு நூற்றாண்டைக் கடந்தும் இந்தக் கலவை மலைத்தோட்டங்களில் நிலைத்திருப்பதற்கு, எவரும் தம் கையால் செய்து தம் கண்ணால் சோதித்துக்கொள்ள முடியும் என்பதே காரணம்.

பழுப்பு அழுகல் நோய் வேறு வகை. மோனிலினியா பூஞ்சை பூவைக் கருக்கும். பழுக்கும் தறுவாயில் பழத்தை அழுகச் செய்யும். அழுகிய பழம் வற்றிச் சுருங்கிக் கிளையிலேயே தொங்கும். அந்த வற்றல் பழமே அடுத்த ஆண்டுக்கான நோய்க் கிடங்கு. அதைப் பறித்து எரிப்பதற்கு எந்த விலையும் இல்லை. பாக்டீரியாவால் வரும் பட்டைப் புண், இலைகளைத் துளைக்கும் புள்ளி நோய், இலையின் அடியில் மஞ்சள் பொடியாகத் தெரியும் துரு ஆகியவையும் இந்த மரங்களுக்கு உண்டு. அவற்றை இங்கே பெயர் சொல்லிக் கடந்துவிடலாம்.

கடந்துவிட முடியாதது கழலை நோய். நாற்றங்காலில் பிடுங்கிய பீச் கன்றின் வேர்க்கழுத்தில் உருண்டையாக ஒரு கட்டி தெரியும். அக்ரோபாக்டீரியம் என்ற மண்வாழ் பாக்டீரியா, வேரில் பட்ட காயத்தின் வழியே நுழைந்து அதை உண்டாக்குகிறது. இந்தப் பாக்டீரியாதான் காரணம் என்று அமெரிக்காவில் ஸ்மித், டவுன்செண்ட் இருவரும் 1907இல் நிறுவினார்கள். பாக்டீரியா செடியை எப்படிக் கட்டியாக்குகிறது? எழுபது ஆண்டு கழித்து, 1977இல் விடை கிடைத்தது. மேரி-டெல் சில்டனின் குழு காட்டியது இது: பாக்டீரியா தன் மரபுப்பொருளில் ஒரு துண்டைச் செடியின் மரபுப்பொருளுக்குள்ளேயே செருகிவிடுகிறது. செருகப்பட்ட துண்டின் ஆணைப்படி செடியின் செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுகின்றன. உலகம் மரபணு மாற்றத் தொழில்நுட்பம் என்று சொல்வதன் வாசல், இந்தக் கழலை நோயின் ஆராய்ச்சியில்தான் திறந்தது.

அதற்கு முன்பே ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஆலன் கெர் வேறொரு வழியைக் கண்டார். அதே பாக்டீரியா இனத்தில் நோய் தராத ஒரு வகை உண்டு. கே-84 என்று பெயர். அது சுரக்கும் பொருள் நோய் தரும் வகையைக் கொல்லும். நடுவதற்கு முன் கன்றின் வேரைக் கே-84 கரைசலில் முக்கி எடுத்தால் காயத்தில் அது முதலில் குடியேறிவிடும். தாவரப் பாக்டீரியா நோய் ஒன்றுக்கு வணிக அளவில் பயன்பட்ட முதல் உயிரியல் கட்டுப்பாடு இது. ஆனால் கவனிக்க வேண்டியது முறையின் நுட்பம். கே-84 வருமுன் காக்கும். கட்டி வந்த கன்றைக் குணமாக்காது. அந்தக் கன்று எரிக்கப்பட வேண்டியது.

வருமுன் காப்பது என்பது இங்கே பழமொழி அல்ல. மரநோய் அறிவியலின் நடுத்தூண். மனிதனுக்குக் காய்ச்சல் வந்தால் மருந்து உண்டு. மரத்துக்கு வைரஸ் வந்தால்? தோட்டத்தில் நிற்கும் மரத்தை வைரஸிலிருந்து விடுவிக்கும் மருந்து இன்று எதுவும் இல்லை. கொட்டைப்பழ மரங்களின் மிகக் கொடிய வைரஸின் வரலாறு இதை எழுதிக் காட்டுகிறது.

பல்கேரியாவின் சிற்றூர்களில் முதல் உலகப் போர் நடந்த காலத்தில் பிளம்ஸ் பழங்களின் மேல் வளையங்களும் குழிகளும் தோன்றின. பழம் முதிராமலே உதிர்ந்தது. கொட்டையின் மேலும் வெளிர் வளையங்கள் தெரிந்தன. அந்நாட்டவர் அதை ஷார்கா என்றார்கள். அத்தனாசோவ் 1932இல் அது வைரஸ் நோய் என்று விவரித்தார். அசுவினிப் பூச்சி நோயுற்ற இலையைச் சில நொடிகள் உறிஞ்சினாலே போதும், அடுத்த மரத்துக்கு வைரஸைக் கொடுத்துவிடும். ஆனால் அசுவினி எவ்வளவு தூரம் பறக்கும்? கடலையும் கண்டத்தையும் தாண்டுமா? தாண்டாது. கண்டத்தைத் தாண்டியது ஒட்டுக்குச்சி. மனிதன் நல்ல வகை என்று வெட்டிக் கட்டி அனுப்பிய குச்சிக்குள், வெளியே எந்த அறிகுறியும் காட்டாமல், ஷார்கா பயணம் செய்தது. ஐரோப்பா முழுவதும் பரவியது. 1992இல் சிலி, 1999இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா, 2009இல் ஜப்பான். அமெரிக்கா நோயுற்ற மரங்களைத் தேடித் தேடி வெட்டியது. இருபது ஆண்டு வேட்டைக்குப் பிறகு 2019இல் நோய் ஒழிந்ததாக அறிவித்தது. ஜப்பானில், டோக்கியோ பெருநகரப் பகுதியைச் சேர்ந்த ஓமே நகரின் யோஷினோ பூந்தோட்டம் உமே என்னும் புரூனஸ் இன மரங்களுக்குப் புகழ்பெற்றிருந்தது. பூக்காலத்தில் மக்கள் திரண்டு வருவார்கள். 2014இல் அந்தத் தோட்டத்தின் மரங்கள் அத்தனையும் வெட்டப்பட்டன. அரிவாளைத் தவிர வேறு மருந்து இருக்கவில்லை.

இந்த வேட்டைக்கு உதவிய கருவி மருத்துவமனை ஆய்வகங்களில் பலரும் கேள்விப்பட்ட எலைசா சோதனை. 1970களின் நடுவில் அந்த முறையைத் தாவர வைரஸ்களுக்கு முதன்முதலில் கையாண்டபோது சோதிக்கப்பட்டவற்றுள் ஷார்கா வைரஸும் ஒன்று. இலையைச் சாறாக்கிக் குழித்தட்டில் இட்டு, நிறம் மாறுகிறதா என்று பார்த்து, ஒரே நாளில் நூற்றுக்கணக்கான மரங்களைச் சோதிக்க அது வழி செய்தது. தாய்மரத்தையே தூய்மையாக்கவும் வழி உண்டு. மரத்தைச் சில வாரம் 38 டிகிரி அளவு வெப்பத்தில் வளர்த்து, வைரஸ் எட்டாத நுனி மொட்டின் மிகச் சிறு துணுக்கை வெட்டி, கண்ணாடிக் குழாயில் புதுச்செடியாக வளர்ப்பார்கள். இமாச்சலத்தின் சோலன் பல்கலைக்கழகமும் பாலம்பூர் ஆய்வு நிறுவனமும் இத்துறையில் இயங்குகின்றன. நோயற்ற தாய்மரம், அதிலிருந்து நோயற்ற குச்சி, அதிலிருந்து நோயற்ற கன்று. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் மற்ற உழைப்பெல்லாம் வீண்.

இப்போது துறைமுக வாசலுக்கு வரலாம். இந்தியாவில் அழிவுப் பூச்சிகளும் நோய்களும் குறித்த சட்டம் 1914இல் வந்தது. சான் ஹோசே செதில்பூச்சி நாற்றுகளோடு இந்தியாவுக்குள் நுழைந்து, காஷ்மீர் முதல் இமாச்சலம் வரை ஆப்பிள், பிளம்ஸ், பீச் மரங்களின் பட்டையில் சாம்பல் பூசினாற்போல் அப்பிக்கொண்டது. சட்டம் வந்த பிறகும், 1928இல் நீலகிரி மலையில் பஞ்சுத் தலையணைச் செதில்பூச்சி காணப்பட்டது. ஆஸ்திரேலியாவின் அந்தப் பூச்சியை அடக்க, ரொடோலியா என்னும் பொறிவண்டை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து விட வேண்டியதாயிற்று. நுழைந்த ஒன்றை அடக்க இன்னொன்றை அழைக்கும் செலவும் உழைப்பும், வாசலில் நிறுத்தும் செலவோடு ஒப்பிட்டால் எத்தனை மடங்கு!

இன்று நடைமுறையில் இருப்பது 2003இன் தாவரத் தனிமைக்காப்பு ஆணை. பீச்சோ பிளம்ஸோ செர்ரியோ கன்றாகவோ குச்சியாகவோ நாட்டுக்குள் வர வேண்டுமானால், முன்கூட்டியே இறக்குமதி அனுமதி வேண்டும். ஏற்றுமதி நாட்டின் பயிர்நலச் சான்று வேண்டும். வந்து இறங்கியபின் தனித்த தோட்டத்தில் குறிப்பிட்ட காலம் வளர்த்துக் கண்காணிக்க வேண்டும். ஆராய்ச்சிக்காக வரும் விதையும் குச்சியும் தில்லியில் உள்ள தேசியத் தாவர மரபுவளப் பணியகத்தின் சோதனையைத் தாண்ட வேண்டும். சென்னை வட்டாரத்துக்கு மீனம்பாக்கத்தில் மண்டலத் தனிமைக்காப்பு நிலையம் இருக்கிறது. கிளியரிங் ஏஜென்ட்டுகள் குவாரன்டைன் என்று ஒரே சொல்லில் சொல்லும் அந்தத் தாமதத்தைப் பலர் எரிச்சலோடு பார்ப்பார்கள். ஓமே நகரத்து மரங்களை நினைத்தால் அந்தத் தாமதத்தின் மதிப்பு புரியும்.

கன்றும் குச்சியும் மட்டுமா வாசல்? திருவொற்றியூர், மணலி, எண்ணூர் கிடங்குகளில் வேலை செய்பவர்கள் நாள்தோறும் தொடும் இன்னொரு வாசல் உண்டு: மரப் பேலட். இயந்திரம் வந்தாலும், கிரானைட் போனாலும், அதைத் தாங்குவது பச்சை மரச்சட்டம். சீனத்தைத் தாயகமாகக் கொண்ட செங்கழுத்து நீள்கொம்பு வண்டு புரூனஸ் மரங்களையே தேடித் தாக்குவது. அதன் புழு இரண்டு மூன்று ஆண்டு மரத்துக்குள்ளேயே குடைந்து வாழும். வெளியே மரத்தூள் மட்டும் உதிரும். 2008இல் இங்கிலாந்தில் ஒரு கிடங்கின் மரப் பேலட்டுகளுக்கு இடையே இந்த வண்டு அகப்பட்டது. 2011இல் ஜெர்மனியிலும் 2012இல் இத்தாலியிலும் ஜப்பானிலும் உயிருள்ள மரங்களிலேயே காணப்பட்டது. இன்று ஜப்பானின் செர்ரிப் பூமரங்களுக்கு அது பெரும் அச்சுறுத்தல்.

இதைத் தடுக்கத்தான் உலக நாடுகள் 2002இல் ஒரு விதியை ஏற்றன. பட்டை நீக்கிய மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் முழுதாக 30 நிமிடம் சூடேறியிருக்க வேண்டும். அல்லது அனுமதித்த புகைமருந்து ஏற்றப்பட்டிருக்க வேண்டும். அதற்குச் சான்றாகக் கோதுமைக் கதிர் வரைந்த முத்திரை, நாட்டின் குறியீடு, சூடேற்றியதைக் காட்டும் எழுத்துகள் ஆகியவை சட்டத்தில் பொறிக்கப்படும். கிடங்கில் கிடக்கும் எந்தப் பேலட்டைத் திருப்பினாலும் அந்த முத்திரை தெரிய வேண்டும். முத்திரை இல்லாத பெட்டி, அடியில் புதிதாக உதிர்ந்த மரத்தூள், பென்சில் நுழையும் அளவுக்கு வட்டத் துளை: இந்த மூன்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் மேலாளரிடம் சொல்லியாக வேண்டும். அந்தச் சட்டத்தை முதலில் தொடுவது ஆய்வாளரின் கை அல்ல. சரக்கு இறக்குபவரின் கை. மலைத்தோட்டத்தின் முதல் காவலர் அவர்.

ஷார்காவுக்கு மருந்தில்லை என்றால் எதிர்ப்புள்ள மரம் உண்டா? இங்கே வரலாறு ஒரு வியப்பைத் தருகிறது. அமெரிக்க வேளாண் துறையின் ரால்ப் ஸ்கோர்சாவும் அவருடைய குழுவினரும் ஷார்கா வைரஸின் மேலுறைப் புரதத்துக்கான மரபணுவைப் பிளம்ஸுக்குள் செலுத்தினார்கள். செலுத்தும் ஊர்தி எது? கழலை நோய் தந்த அதே அக்ரோபாக்டீரியம். கட்டி உண்டாக்கும் பகுதி மட்டும் நீக்கப்பட்டிருந்தது. உருவான மரங்களில் ஒன்று வைரஸ் நுழைந்தாலும் அதன் ஆர்.என்.ஏ.வை அடையாளம் கண்டு வெட்டி ஒடுக்கியது. ஹனிஸ்வீட் என்று பெயர் பெற்ற அந்த மரம் ஐரோப்பிய நாடுகளின் வயல்வெளிச் சோதனைகளில் ஆண்டுக்கணக்காகத் தாக்குப்பிடித்தது. அமெரிக்க அரசின் ஒப்புதல்கள் 2007 முதல் 2011 வரை படிப்படியாகக் கிடைத்தன. பிளம்ஸ் விதையிலிருந்து முளைத்தால் பூக்க மூன்று முதல் ஏழு ஆண்டு ஆகும். அதே குழு பாப்லர் மரத்திலிருந்து பூக்கும் மரபணுவை எடுத்து வைத்து, ஓராண்டுக்குள் பூக்கும் பிளம்ஸை உருவாக்கியது. எதிர்ப்புப் பண்பைத் தலைமுறை தலைமுறையாக விரைந்து சேர்த்தபின், கடைசித் தலைமுறையில் அந்த அயல் மரபணு இல்லாத நாற்றை மட்டும் தேர்ந்தெடுத்துவிடலாம்.

மலையை விட்டு இறங்கி, வீட்டு முற்றத்துக்கு வர வேண்டும். வடசென்னையின் கொட்டைப்பழம் மாம்பழம். மா மரபியலில் தமிழ்நாட்டுக்குப் பெருமை தருவது நீலம். ஆண்டுதோறும் தவறாமல் காய்க்கும் அதன் குணத்துக்காகவே இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் அதைத் தசேரியோடு கலந்தது. நீலத்தைத் தாயாக வைத்து மல்லிகா பிறந்தது. தசேரியைத் தாயாக வைத்து ஆம்ரபாலி பிறந்தது. ஆம்ரபாலி குட்டை மரம். இரண்டரை மீட்டர் இடைவெளியில் ஹெக்டேருக்கு 1,600 மரம் நடலாம். பெரியகுளத்தில் நீலத்தையும் மல்கோவாவையும் கலந்து பி.கே.எம். 2 வந்தது. பையூர் நிலையம் நீலத்திலிருந்தே பையூர் 1 என்ற தேர்வைத் தந்தது. ஒரு பூங்கொத்தில் ஆயிரத்துக்கு மேல் பூ இருந்தும் ஒன்றிரண்டு காயே தங்கும் மரத்தில், கையால் மகரந்தம் சேர்த்து இத்தனை கலப்பினங்களை உருவாக்கியவர்களின் பொறுமை போற்றத்தக்கது.

தொழிற்பேட்டை மக்கள் அறிய வேண்டிய ஒரு நோய் மாவுக்கு உண்டு: கருமுனை. காயின் நுனி கறுத்து, தட்டையாகி, இறுகிவிடும். பூஞ்சையும் இல்லை, பாக்டீரியாவும் இல்லை. வட இந்தியாவில் செங்கல் சூளைகளை அடுத்த தோப்புகளில் ஒரு நூற்றாண்டாகப் பதிவாகிவரும் அதன் காரணம் சூளைப் புகை. அதில் உள்ள கந்தக டை ஆக்சைடும் எத்திலீனும் பிற வாயுக்களும். காய் பட்டாணி அளவில் இருக்கும்போதே போராக்ஸ் கரைசல் தெளித்தால் ஓரளவு தணியும். முழுத் தீர்வு, புகைபோக்கியை உயர்த்துவதும் சூளையைத் தோப்பிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பால் தள்ளுவதுமே. மூச்சு விடும் மனிதர்க்கு எந்தப் புகை கேடோ அதே புகை மாங்காய்க்கும் கேடு.

கடைசியாக, கொட்டைக்குள்ளேயே குடியிருக்கும் எதிரி. மாங்கொட்டை வண்டு, கோலிக்குண்டு அளவுப் பிஞ்சின் தோலில் முட்டையிடும். புழு சதையைத் துளைத்து, இன்னும் இறுகாத கொட்டைக்குள் சென்றுவிடும். துளை ஆறி மூடிக்கொள்ளும். பழத்தை வெளியே எத்தனை முறை திருப்பிப் பார்த்தாலும் குறை தெரியாது. இந்த வண்டும் பழ ஈயும் இந்திய மாம்பழத்தின் முன் வெளிநாட்டுக் கதவுகளை மூடின. ஜப்பான் 1986இல் மூடியது, 47.5 டிகிரி நீராவி வெப்பத்தில் 20 நிமிடம் வைக்கும் முறை ஏற்கப்பட்டு 2006இல் திறந்தது. அமெரிக்கா 1989இல் மூடியது. மகாராஷ்டிரத்தின் லாசல்காவில் 400 கிரே அளவு கதிர்வீச்சு செலுத்தும் ஏற்பாட்டுக்குப் பின் 2007 ஏப்ரலில் திறந்தது. கதிர்வீச்சு வண்டைக் கட்டாயம் கொல்ல வேண்டும் என்பதில்லை. அது இனப்பெருக்கம் செய்ய முடியாமல் ஆனால் போதும். கிருஷ்ணகிரி மாங்கூழ் சென்னைத் துறைமுகம் வழியாகத் தடையின்றிப் போவதற்குக் காரணமும் இதுவே: சூடேற்றிய கூழில் வண்டும் இல்லை, கொட்டையும் இல்லை.

இந்த வண்டுக்கு ஆண்டுக்கு ஒரே தலைமுறை. பழம் விழுந்தபின் கொட்டையை ஓட்டையிட்டு வெளிவந்து, அடுத்த பூக்காலம் வரை மரத்தின் பட்டை வெடிப்புகளில் பதுங்கியிருக்கும். ஆகவே ஆனி, ஆடி மாதங்களில் மரத்தடியில் விழுந்த பழங்களையும் தின்று எறிந்த கொட்டைகளையும் நாள்தோறும் பொறுக்கி அழிக்க வேண்டும். தை மாதத்துக்குள் அடிமரத்தின் தளர்ந்த பட்டையைச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு வீட்டில் மட்டும் செய்தால் பலன் குறைவு, அடுத்த முற்றத்து மரத்திலிருந்து வண்டு வந்துவிடும். தெரு முழுவதும் சேர்ந்து இரண்டு மூன்று பருவம் தொடர்ந்து செய்தால் மருந்தில்லாமலே எண்ணிக்கை சரியும்.